ஒட்டகத்துக்குள்ளிருந்து எழுந்த மதினி

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மரியாதை. கிரேஸ் மதினி இறந்துபோன செய்தி வந்தபோது நான் அழவில்லை. ஆடினேன். அதுவும் வங்கியில், பணம் எடுக்கும் வரிசையில், பெரியவர்களுக்கு நடுவில்.

"ஏலே, ஒன் மதினி போயிட்டாடா" என்று மட்டும் சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார். நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். வலது கையின் விரல் நுனியில் ஏதோ கிளம்பியது. மணிக்கட்டுக்கு வந்தது, முழங்கையில் ஏறியது, தோளில் உருண்டது, கழுத்தைத் தாண்டி இடது தோளில் இறங்கிச் சுண்டுவிரல் வழியாக வெளியே போயிற்று. வாலிப வயதில் மதினியும் நானும் சேர்ந்து பழகிய அலை அது. நானாக ஆடினேன் என்று சொல்ல முடியாது. அதுவாக ஓடியது. ஒருமுறை ஓடி முடிந்ததும் திரும்பி வரவும் செய்தது.

"வலிப்புய்யா! யாராச்சும் இரும்பு குடுங்கப்பா!" என்று பின்னால் நின்றவர் கத்தினார். நம் ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் வேகம் வேறெதிலும் இல்லை. காவலாளி இடுப்புச் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். இன்னொருவர் ஸ்கூட்டர் சாவியைத் திணித்தார். ஓர் அம்மாள் எதுவும் கிடைக்காமல் குடைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என்னைத் தரையில் கிடத்தினார்கள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, கை நிறைய அடுத்தவர்களின் சாவிகளோடு கிடந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. "தெளிஞ்சிருச்சு, தெளிஞ்சிருச்சு" என்றார்கள்.

உங்களில் பலருக்கு மதினியைத் தேனி பஜார் பாத்திரக்கடை அம்மாவாகத் தெரியும். குக்கருக்கு வாஷர் வாங்கப் போனவர்களுக்கு இட்லிக் கொப்பரை விற்று அனுப்பியவர். குடத்தைச் சுண்டிக் காதருகே வைத்து, "சத்தம் கேட்டீகளா? பாடுது பாருங்க" என்று சொல்லியே அதை விற்றுவிடுவார். உருவத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். நாம் கிண்டல் செய்வதற்கு முன் அவரே முந்திக்கொள்வார்: "எங்க கடையிலயே பெரிய உருப்படி நான்தான். இன்னும் வெல கேட்டு ஆள் வரல." பக்கத்தில் அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டே, "கேட்டாலும் குடுக்குறதா இல்ல" என்பார். அவர்கள் காதல் வசனம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத வந்தது, உங்களில் கொஞ்சப் பேருக்கு மட்டும் தெரிந்த கிரேஸ் மதினியைப் பற்றி. அதைச் சொல்ல ஒட்டகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கலைவிழாவில் வருடா வருடம் குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் மூவர் வரும் நாடகம் உண்டு. ஞானிகள் வந்தால் ஒட்டகம் வரவேண்டும். மூங்கிலில் கூடு கட்டி, சாக்குத் தைத்துப் போர்த்தி, தேங்காய் நாரில் வால் வைத்த ஒட்டகம். முன்னங்கால் நான். கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட நாலைந்து வருடம் முன்னங்காலாக இருந்தேன் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னங்கால் கிரேஸ் மதினி. குனிந்து, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே கயிற்றை இழுத்து வாலை ஆட்ட வேண்டியது அவர் பொறுப்பு. நானாவது ஒட்டகத்தின் கழுத்து ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்ப்பேன். மேடையில் அவர் பார்த்ததெல்லாம் என் குதிகாலைத்தான்.

யார் யாருக்கு என்ன வேடம் என்று முடிவு செய்பவர் சுகிர்தம் டீச்சர். சபைப் பெண்களின் சங்கமான பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அவரிடம் முட்டி போட்டவர்கள். அவருக்கு மதினி மேல் பிரியம்தான். ஆனால் அவர் கணக்கில் ஒல்லியானவர்கள் தேவதைகள், உயரமானவர்கள் ஞானிகள், மதினி ஒட்டகம். இதில் வாதத்துக்கே இடமில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, அண்ணன் மகள் ஷீபா கேட்டாள். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது அவளுக்கு.

"எல்லா அம்மாவும் மேடையில நின்னாக. நீ ஏம்மா வரல?"

"வந்தேன்டி. ஒட்டகத்துல பின்னால நான்தான்."

"பொய். ஒட்டகத்துக்குப் பின்னால வாலுதான் இருந்துச்சு."

அண்ணனும் நானும் சிரித்துவிட்டோம். மதினி சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அடுத்த வருசம் நான் மேடையில நிமிந்து நிப்பேன் தம்பி. மொகத்தோட நிப்பேன்."

நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது. எதையாவது செய்ய வேண்டும். அவருக்குப் பாட வராது. அவர் பாடினால் கடைக் குடங்கள்தான் சுருதி சேரும். வசனம் மறந்துவிடும். இந்த இக்கட்டில்தான் கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி அமெரிக்கா பக்கம் போய்விட்டு விடுமுறைக்கு வந்தார். வாசனை சோப்பு, டார்ச் லைட்டு, கூடவே ஒரு வீடியோ கேசட். அட்டையில் தொப்பி போட்ட ஓர் ஆள், வெள்ளைக் கையுறையோடு, எலும்பே இல்லாதவன் மாதிரி வளைந்து நின்றான். பிரேக் டான்ஸ் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம் என்று அட்டையில் போட்டிருப்பதாகத் தம்பி சொன்னார். அந்தச் சமயம் தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் பிரேக் டான்ஸ் என்று தெருவில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். போடியில் ஒரு குழுவே இருந்தது. தேனி பஜாரில் இரண்டு பிள்ளை பெற்ற ஒருவர் அதைக் கற்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"தம்பி, நீங்களும் வாங்க" என்றார் மதினி என்னிடம்.

"நான் எதுக்கு மதினி?"

"முன்னங்கால் இல்லாமப் பின்னங்கால் எங்கன போகும்?"

கடை மாடியில் இருந்த எங்கள் வீட்டில் டிவி இருந்தது, கேசட்டை ஓட்டும் டெக் இல்லை. வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு டெக் வந்தால் தெருவே பாயோடு வந்துவிடும் என்பது அன்றைக்கு எழுதப்படாத சட்டம். யார் வீட்டு டெக் என்பதெல்லாம் கிடையாது. வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு வீட்டுக்காரருக்கு இடம் இருந்தால் உண்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை டெக் மாடிப்படி ஏறியதுமே பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

"என்ன படம் கிரேஸு?"

மதினி கண்ணை இமைக்கவில்லை. "படமா? வெளிநாட்டு ஊழியக்காரரு பிரசங்கம் அக்கா. மூணு மணி நேரம். நடுவுல பாட்டுகூடக் கெடையாது. வாங்க, முன்னால ஒக்காருங்க."

"அய்யோ, அடுப்புல பாலை வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் ஒருவர். மற்றவர்கள் வீட்டிலும் அதே நேரத்தில் பால் பொங்கியது. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் யாரும் வரவில்லை. எங்கள் குடும்பத்தின் பக்தி பஜார் முழுக்கப் பரவியது. சுகிர்தம் டீச்சரே மதினியைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

கேசட்டைப் போட்டால் படம் உருண்டது. நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. அதற்கு மேலே தொப்பிக்காரரின் கால், கீழே அவர் தலை. கலர் டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இழுத்து இழுத்து வந்தது. சன்னல் வழியாகக் கேட்டவர்கள் அதைப் பிரசங்கம் என்று நம்பியதில் தப்பே இல்லை.

"ஏன் தம்பி, இந்தாளுக்குக் காலு மேல இருக்கு, தலை கீழ இருக்கு. இப்பிடியா ஆடணும்?"

நான் டிவியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தொப்பிக்காரர் சற்று நேரம் ஒழுங்காக நின்றார். டெக் கொடுத்தவரிடம் கேட்டபோது, "அது அந்த ஊரு கேசட்டு அக்கா. நம்ம ஊரு டெக்குக்கு ஒத்து வராது. உருளும், இழுக்கும், மெதுவாத்தான் ஓடும்" என்றார்.

"ஓடட்டும். எனக்கும் மெதுவாத்தான் ஓட வரும்" என்றார் மதினி.

தொப்பிக்காரர் பேசிய இங்கிலீஷை நான் மொழிபெயர்த்தேன். அதாவது, மொழிபெயர்ப்பது போல இருந்தேன். அவர் கழுத்தைத் தொட்டால் "கழுத்தைச் சொல்றாரு மதினி" என்பேன். முட்டியைத் தட்டினால் "முட்டியச் சொல்றாரு" என்பேன். பி.காம். படித்த கொழுந்தனை அவர் மலைப்போடு பார்ப்பார். அப்படியே கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தப் படித்தோம். தோளை உருட்டினோம். விரலில் கிளம்பி விரலில் முடியும் அந்த அலையை ஓட்டினோம். இருந்த இடத்திலேயே முட்டியைத் தூக்கித் தூக்கி நடந்தோம். அதற்கு மதினி 'போகாத நடை' என்று பெயர் வைத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் கேசட் ஓடாது. நாடா டெக்கில் சிக்கிக்கொண்டு சுருள் சுருளாக வெளியே வரும். பென்சிலை விட்டுச் சுற்றி, மறுபடி முதலிலிருந்து போடுவோம். எத்தனை ஞாயிறு போட்டாலும் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

நான் அதிகப்பிரசங்கித்தனமாக வேகமாக ஆடப் பார்ப்பேன். மதினி விடமாட்டார். "கழுத்து முடிஞ்ச பெறகுதான் தோளு. கழுத்தே அசையாதவகளுக்கு வேற எதும் அசையாது தம்பி" என்பார். இதைச் சபைத் தலைவர்களைப் பற்றியும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

மாடியில் நாங்கள் போகாத நடை போட்டால் கீழே கடையில் அலமாரி முழுக்க ஆடும். ஒருமுறை ஓடைப்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். மூடிகள் எல்லாம் கிலுகிலுவென்று அடித்துக்கொள்ள, அவர் மெல்ல எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நெலநடுக்கமா?"

"இல்லங்க. மாடியில மாவு இடிக்காக."

"என்ன மாவு?"

"கேக்கு மாவு."

"இப்பவேவா? கிறிஸ்துமசுக்கு ரெண்டு மாசம் கெடக்கே."

"பெரிய கேக்குங்க" என்றார் அண்ணன்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் முணுமுணுப்பார். "கடைக்கு மேல கல்லு ஒடைக்கிறீகளா? ஒரு குண்டான் விழுந்து ஒடுங்கிருச்சு." மதினி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒடுங்குனத என் கணக்குல எழுதிக்கங்க. நான்தான் ஒடுங்கவே மாட்டேங்கிறேன்" என்பார். அண்ணன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆடு என்றும் சொல்லவில்லை. மேல் தட்டிலிருந்த குடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

டிசம்பரில் ஒத்திகை. கோயிலை ஒட்டிய கூடத்தில் சுகிர்தம் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் தம்பி கொண்டுவந்த பாட்டுக் கேசட் ஒன்றை டேப் ரிக்கார்டரில் போட்டோம். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் கற்றது நம் ஊர் டெக் இழுத்த இழுப்புக்கு. பாட்டோ அமெரிக்க வேகத்தில் ஓடியது. நாங்கள் கழுத்தைச் சாய்ப்பதற்குள் பாட்டு தோளையும் இடுப்பையும் முடித்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. ரயிலைத் தவறவிட்டவர்கள் போலக் கையை ஆட்டிக்கொண்டு நின்றோம்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிரேஸு, நீ நல்ல பிள்ளம்மா. ஆனா இது ஆட்டமா நோயான்னு சபையாரு என்னையக் கேப்பாக. ஒட்டகத்துக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா? சுமக்குறதும் ஊழியந்தான்."

"சுமக்குறவளுக்கு மொகம் இருக்கக் கூடாதா டீச்சர்?"

டீச்சரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரும் யோசித்துவிட்டு, "ஒட்டகம் முடியட்டும். நேரம் இருந்தாப் பாப்போம்" என்றார்.

கலைவிழாவில் 'நேரம் இருந்தால்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அது 'இல்லை' என்பதன் மரியாதையான வடிவம். வீட்டுக்கு வந்த மதினி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேலியாக ஏதோ சொன்னேன். இப்போது நினைவில்லை, நல்ல கேலியாக இருந்திருக்காது. அவர் என்னைப் பார்த்து, "இந்த வருசமும் ஷீபா என்னையத் தேடுவா தம்பி. வாலைக் காட்டி இதுதான் அம்மான்னு எத்தன தடவ சொல்றது?" என்றார். எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

விழா அன்று மாலை போடி மலையிலிருந்து இறங்கிய பனிக்காற்றில் பந்தல் துணி படபடத்தது. மேடைக்குப் பின்னால் விருந்துக்குப் பிரியாணி வெந்து முடிந்திருந்தது. அண்டாக்கள் எங்கள் கடையினுடையவை என்பதால் அண்ணன் அங்கேயே கரண்டியோடு காவல் நின்றார். போடிப் பையன்களைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். கையுறை, கறுப்புக் கண்ணாடி, பட்டன் எல்லாம் மின்னும் சட்டை. பம்பரம் மாதிரி முதுகில் சுற்றினார்கள். விசில் பறந்தது. அவர்கள் இறங்கியதும் நட்சத்திரம் கம்பியில் ஏறியது, ஞானிகள் புறப்பட்டார்கள், நாங்கள் சாக்குக்குள் புகுந்தோம். மதினி புதுக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. கையில் ஷீபாவின் வெள்ளைச் சாக்ஸ். நான் குளிருக்கு என்று நினைத்தேன்.

மேடை நடுவில் வந்ததும் பின்னங்கால் நின்றுவிட்டது.

"என்ன மதினி, கயிறு சிக்கிருச்சா?"

"இல்ல. நான் வெளிய போறேன்."

"மதினி! இப்பப் போனா ஒட்டகம் ரெண்டாப் போயிரும்!"

"போகட்டும். உங்க பாதிய நீங்க பாத்துக்கங்க."

அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு, ஒட்டகத்தின் வால் பக்கமாக வெளியே வந்து, சேலையை இழுத்துச் செருகி, நிமிர்ந்து நின்றார். பந்தல் காலெல்லாம் ஆடும்படி ஒரு சிரிப்பு. "டோய், ஒட்டகம் குட்டி போட்ருச்சு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், அண்ணாச்சி, அது நல்ல நகைச்சுவை, ஒப்புக்கொள்கிறேன்.

நானும் வெளியே வரப் பார்த்தேன். உடம்பு வந்தது, ஒட்டகத் தலை வரவில்லை. கழுத்துக் கம்பி சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. ஆகவே அன்று மேடையில் இருந்தது கிரேஸ் மதினி, பக்கத்தில் பேன்ட் போட்ட ஓர் ஒட்டகம். சிரிப்பு இரண்டாம் தடவையாக ஏறியது. ஞானிகளில் ஒருவர் தாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. "சீக்கிரம் ஆரம்பிங்க மதினி" என்றேன் தலைக்குள்ளிருந்து.

அவர் முகத்தை ஜனங்களை விட்டுத் திருப்பாமலே சொன்னார்: "சிரிக்கட்டும் தம்பி. அவுக சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நமக்கு என்ன அவசரம்?"

பிறகு வலது கையை நீட்டினார். ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்களுக்கு உதவுவதாக நினைத்துப் போடிப் பையன்களின் பாட்டையே மறுபடி தட்டிவிட்டார். அது எங்கள் வேகத்துக்கு மூன்று பங்கு. மதினியின் அலை முழங்கையிலேயே நின்றது. மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றது. கையுறைக்குப் பதிலாகச் சாக்ஸ் போட்ட கை காற்றில் அந்தரத்தில் நின்றதை ஒட்டக வாய் வழியாகப் பார்த்தேன். சுகிர்தம் டீச்சர் நாற்காலியை விட்டு எழப் போனார்.

அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டங்ங். ஒரு இடைவெளி. டங்ங். மறுபடி இடைவெளி. பிறகு இரண்டு சின்னது. அண்ணன் காலி அண்டா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, இரும்புக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மாடியில் போட்ட போகாத நடை அதே அளவில், அதே இழுப்பில், ஒரு பிசகு இல்லாமல் வந்தது. ரிக்கார்டர்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார்.

மதினியின் கழுத்து சாய்ந்தது. நிமிர்ந்தது. தோள் உருண்டது. அலை விரலில் கிளம்பி, அத்தனை பெரிய உடம்பில் ஒரு மூலையும் விடாமல் நிதானமாகப் பயணம் செய்து, மறு கை விரலில் போய் இறங்கி, காற்றின் வழியாக என் கைக்கு வந்தது. நான் வாங்கினேன். ஒட்டகத் தலையோடு வாங்கித் திருப்பி அனுப்பினேன். நாலைந்து வருடம் ஒரே சாக்குக்குள் அடிமேல் அடி வைத்து நடந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு ஒருவரையொருவர் பார்க்கவே தேவையில்லை.

சிரிப்பு ஓரங்களிலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. முன்வரிசையில் ஒருவர், "ஏய், படத்துல வர்ற ஸ்லோ மோஷனப்பா இது! நெசமா நம்ம கண்ணு முன்னாடி!" என்று எழுந்து நின்றார். அவ்வளவுதான். போடிப் பையன்களுக்குப் பறந்த விசில் எல்லாம் வெறும் முன்னோட்டம் என்றாயிற்று. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பெஞ்சின் மேல் ஏறி நின்ற ஷீபா, "எங்கம்மா! அது எங்கம்மா!" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். மதினி அவளைப் பார்த்துச் சாக்ஸ் கையால் ஓர் அலை அனுப்பினார்.

அண்டா நின்றது. சுகிர்தம் டீச்சர் மைக்கைக் கையில் வாங்கினார். முட்டி போட்ட பழக்கத்தில் எனக்குக் கால் தானாக மடங்கியது. டீச்சர் சொன்னார்: "கிரேஸு, இன்னொருக்க ஆடும்மா. பின்னால இருக்குறவகளுக்குச் சரியாத் தெரியலையாம்."

இன்னொருமுறை ஆடினோம். கீழே இறங்கியதும் போடிக் குழுவின் தலைவன் வந்து, "அக்கா, இது எந்த ஸ்டைலு? எங்களுக்கு வரவே மாட்டேங்குதே" என்று கேட்டான். மதினி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வராது தம்பி. வேகமா ஆடிப் பழகிட்டீக. இனிமே கஷ்டம்" என்றார். அவன் தலையாட்டிக்கொண்டே போனான். அண்ணனிடம் நான், தாளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரெண்டு மாசமா என் தலை மேலதானலே ஆடுனீக" என்றார். நசுங்கிய அண்டாவை அவர் யார் கணக்கிலும் எழுதவில்லை. அதில் ஒரு வாழைக்கன்று வைத்தார்.

அடுத்த ஆண்டு கலைவிழாவில் ஞானிகள் நடந்தே வந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் பெண்கள் ஐக்கியத்தின் பாதிப் பேர் கழுத்தைச் சாய்த்தார்கள். பிரசங்கக் கேசட் என்று பாலை நினைத்து ஓடியவர்களும் வந்தார்கள். ஒருநாள் சுகிர்தம் டீச்சரே, தோள் வலி என்று காரணம் சொல்லிக்கொண்டு, படியேறி வந்தார். நான்கு தட்டுப் பாத்திரத்தையும் தரையில் இறக்கி வைத்து அண்ணன் வியாபாரம் செய்தார். தேனியில் தரையில் பாத்திரம் அடுக்கிய ஒரே கடை எங்களுடையதாக இருந்தது. காரணம் தெரியாதவர்கள் அதை வாஸ்து என்றார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தபோது. உடம்பு இளைத்திருந்தது. "பாருங்க தம்பி, இப்பப் போயி தேவதை வேசத்துக்குப் பொருத்தமா ஆயிட்டேன்" என்றார். பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண், இந்த வயதில் தோளும் கழுத்தும் இவ்வளவு லேசாக இருக்கிறதே, எங்கே உடற்பயிற்சி கற்றீர்கள் என்று கேட்டிருக்கிறாள். மதினிக்கு அதில் கோபம். "அந்தப் பிள்ளகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. இது பயிற்சி இல்ல, டான்ஸுன்னு." சொன்னேன். ஆடியும் காட்டினேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து நாடி எண்ணினாள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். அன்று மேடையில் ஒட்டகத் தலைக்குள் கேட்ட அந்த ஒரு வரி. ஜனங்கள் சிரிக்கும்போது வேகத்தைக் கூட்டாமல் நிற்பது. சிரிக்க வைத்துப் பிழைக்கும் எனக்கு அதைவிடப் பெரிய மூலதனம் இல்லை. அவர்கள் சிரித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தால், அதற்குப் பிறகு நம் முகத்தைப் பார்ப்பார்கள். இதை மதினி போல இன்னும் எனக்குச் செய்ய வரவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.

நினைவுக் கூட்டத்தில் போடுவதற்காக ஷீபா அந்தப் பழைய கேசட்டை மதுரையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கி வந்தாள். படம் உருளவில்லை. குரல் இழுக்கவில்லை. தொப்பிக்காரர் நல்ல கலரில், நல்ல வேகத்தில், எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் செய்தார். எந்த இடத்தில் எங்கள் நாடா எப்போதும் சிக்குமோ அந்த இடமும் சிக்காமல் ஓடியது. அங்கே அவர் நிற்கிறார், துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார், சிரிக்கிறார். உடம்பு இப்போது நன்றாகச் சூடாகியிருக்கும், இனி நடனத்தை ஆரம்பிக்கலாம் என்கிறார்.